குடும்ப விசா: எவ்வளவு நாள் காத்திருக்கணும்? வக்கீல் வெச்சா சீக்கிரம் வருமா?

ஸ்ரீவராகம் கோவில் குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும், குறைந்தது ரெண்டு பேராவது கேட்டுவிடுவார்கள்: "விசா வந்துடுத்தா?" கல்யாணம் ஆகி நாலாவது மாதம். கணவர் மான்செஸ்டரிலோ டொராண்டோவிலோ இருக்கிறார். நீங்கள் தினமும் கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போகிறீர்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால், மூணு மாதமாக மாறாத அதே ஒரு வரி: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு சித்தப்பா, சொல்வார்: "ஒரு நல்ல வக்கீலைப் பிடி. பணம் கொஞ்சம் ஆகும், ஆனா வேலை நடந்துடும்." உண்மையா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். விசா வரிசையில் உங்களை முன்னால் கொண்டுபோய் நிறுத்த எந்த வக்கீலாலும் முடியாது. ஆனால் சிலருடைய வழக்கில், விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படாமல் காப்பாற்ற முடியும். அந்தச் சிலரில் நீங்கள் உண்டா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கேரளத்தில் இது ஒன்றிரண்டு வீட்டுக் கதை இல்லை. கேரளப் புலம்பெயர்வு ஆய்வின் 2023 கணக்குப்படி, மாநிலத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர். மாணவர்கள் மட்டும் சுமார் 2.5 லட்சம், 2018-இல் இருந்ததைப்போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. முன்பு துபாய், மஸ்கட் என்று இருந்தது இப்போது பிரிட்டன், கனடா, ஜெர்மனி என்று பரவியிருக்கிறது. இடம் மாறினால் விசா விதியும் மாறும். அத்தை காலத்து வளைகுடா அனுபவத்தை வைத்து பிரிட்டன் விசாவுக்குத் திட்டம் போட்டால் இடிக்கும்.

உங்களுடையது எந்தக் குடும்ப விசா?

"குடும்ப விசா" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் ரெண்டு வேறு வேறு சமாச்சாரம். கணவரோ மனைவியோ அங்கே வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருந்தால், நீங்கள் அவரைச் சார்ந்து போகும் 'டிபென்டன்ட்'. அவர் அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், நீங்கள் போவது குடியேற்ற வழி. காத்திருப்பு, செலவு, வக்கீல் தேவையா என்பது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தைப் பொறுத்தது.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கும் ஒருவரின் துணை என்றால், வெளிநாட்டிலிருந்து போடும் விண்ணப்பத்துக்கு வழக்கமான கெடு 3 வாரம். உங்கள் செலவுக்கு 285 பவுண்டு காட்ட வேண்டும், அல்லது நிறுவனமே பொறுப்பேற்பதாகச் சொல்ல வேண்டும். இதற்கு வக்கீல் தேவையே இல்லை என்பது என் கருத்து. கம்பெனி ஹெச்.ஆர். அனுப்பும் பட்டியலைப் பார்த்து நீங்களே போட்டுவிடலாம்.

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தில்லை. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில தவிர, மற்ற மாணவர்கள் துணையைக் கூட்டிப்போக முடியாது. 2024 மார்ச் 11 முதல் புதிதாகப் போகும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அதே தடை. 2025 ஜூலை 22-க்குப் பிறகு, பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழே என்று வகைப்படுத்தப்பட்ட வேலைகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் குடும்பத்தை அழைக்க வழி இல்லை. "அவர் முதல்ல போகட்டும், ஆறு மாசத்துல உன்னையும் கூப்பிட்டுக்குவார்" என்று பெண் பார்க்க வந்த இடத்தில் சொன்னார்களா? விசாவின் பெயரையும், அது எந்தத் தேதியில் கிடைத்தது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சங்கடமான கேள்விதான். பின்னால் படும் சங்கடம் இதைவிடப் பெரிது.

பிரிட்டன் துணைவர் விசா: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

கணவர் அல்லது மனைவி பிரிட்டிஷ் குடிமகனாகவோ அங்கே நிரந்தரமாக வசிப்பவராகவோ இருந்தால், கதை வேறு. ஸ்பான்சர் செய்பவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 11 வரை இது 18,600 ஆக இருந்தது. வருமானமே இல்லை, சேமிப்பை மட்டும் காட்டுகிறோம் என்றால் 88,500 பவுண்டு ஆறு மாதமாகக் கையில் இருந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரல் கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 1,938 பவுண்டு. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கு 3,105. கூட்டினால் 5,043 பவுண்டு, நம் பணத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேல். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. கட்டணங்கள் வருடாவருடம் மாறும் என்பதால், போடுகிற அன்று அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சொல்லப்படும் கெடு 12 வாரம். 2022-க்குப் பிறகு கொஞ்ச காலம் அதை 24 வாரமாகவே வைத்திருந்தார்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது: 12 வாரம் என்பது படிவத்தை ஆன்லைனில் அனுப்பிய நாளிலிருந்து இல்லை. நீங்கள் விசா மையத்துக்குப் போய்க் கைரேகை கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. அந்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மூணு வாரம் ஆனால், அந்த மூணு வாரம் உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கும், அவர்கள் கணக்கில் இருக்காது.

அதற்கும் முன்னால் காசநோய்ப் பரிசோதனை. இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் பிரிட்டன் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். பக்கத்துத் தெரு லேப் சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் ஏதாவது சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர 8 வாரம் வரை ஆகலாம். கர்ப்பமாக இருந்து எக்ஸ்ரே வேண்டாம் என்று சொன்னாலும் இதே சளிப் பரிசோதனைதான், இதே 8 வாரம்தான். குழந்தை பிறப்பதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று திட்டம் போட்டிருப்பவர்கள் இந்த ரெண்டு மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆங்கிலத்துக்கும் ஒரு குறிப்பு. நீங்கள் எஞ்சினியரிங் முழுக்க ஆங்கிலத்தில் படித்திருக்கலாம், அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசலாம். அது தானாகச் செல்லாது. இந்தியப் பட்டம் என்றால், ஆங்கில வழியில் படித்தது என்று எக்டிஸ் நிறுவனம் உறுதி செய்து தர வேண்டும். இல்லையென்றால் ஏ-1 தேர்வு எழுத வேண்டும்.

அமெரிக்கா: வரிசை என்றால் நிஜமாகவே வரிசை

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு ஹெச்-4. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குச் சென்னைதான் வழக்கம், அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். 2025 செப்டம்பரில் நேர்காணல் விலக்கு பெருமளவு குறைக்கப்பட்டது. 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அதன் விளைவாக இந்தியாவில் பலருடைய நேர்காணல் தேதிகள் அப்படியே 2026-க்குத் தள்ளிப்போயின. ஏற்கெனவே கையில் தேதி வைத்திருந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. அவர்களில் வக்கீல் வைத்திருந்தவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. தேதி எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போயிற்று.

குடியேற்ற வழியில், அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு எண்ணிக்கை உச்சவரம்பு கிடையாது. ஐ-130 மனு, பிறகு தேசிய விசா மையம், பிறகு பெரும்பாலும் மும்பையில் நேர்காணல். இந்த மூன்றும் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சகஜம். கிரீன் கார்டு மட்டும் உள்ளவரின் துணை என்றால் எஃப்-2ஏ என்ற பிரிவு. அதற்கு உச்சவரம்பு உண்டு, வருடங்கள் கூடும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் போடும் எஃப்-4 பிரிவைக் கேட்டால் தலை சுற்றும்: இந்தியர்களில் 2006-இல் மனு போட்டவர்களின் முறை 2025-இல்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால் வந்த வினை. மனு போட்டபோது ரெண்டு வயதாக இருந்த குழந்தை, முறை வரும்போது 21-ஐ நெருங்கி, பெற்றோரோடு போகும் தகுதியையே இழக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த வயதைக் கணக்கிடத் தனிச் சட்டமே இருக்கிறது, கணக்கு சிக்கலானது. இது வக்கீலிடம் போக வேண்டிய இடம்.

கனடா, ஜெர்மனி

கனடாவில் துணைவர் ஸ்பான்சர்ஷிப்புக்கு நீண்ட காலமாகச் சொல்லப்படும் கெடு 12 மாதம். அங்கே வேலை செய்பவர்களின், படிப்பவர்களின் துணைக்குக் கிடைத்துவந்த வேலை அனுமதி 2025 ஜனவரி 21 முதல் சுருக்கப்பட்டுவிட்டது. 16 மாதத்துக்குக் குறைவான முதுகலைப் படிப்பில் சேர்ந்தவரின் துணைக்கு, சில தொழில்முறைப் படிப்புகள் தவிர, அந்த வழி இல்லை. ஒரு வருட மாஸ்டர்ஸ் சேர்ந்தால் செலவு மிச்சம் என்று யோசிக்கும் தம்பதிகள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஜெர்மனிக்கு, கேரளத்தில் வசிப்பவர்கள் பெங்களூரு துணைத் தூதரகத்தின் கீழ். நாகர்கோவிலில் இருக்கும் உங்கள் தங்கைக்குச் சென்னை. பொதுவாக துணைக்கு ஏ-1 ஜெர்மன் வேண்டும். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. திருவனந்தபுரத்திலேயே கோத்தே மையம் இருப்பதால் மொழி பெரிய தடை இல்லை. பெரிய தடை, ஆவணச் சரிபார்ப்பு. இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நம் அப்போஸ்டில் முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் உண்மையானதா என்று தூதரகமே ஆள் வைத்து விசாரிக்கச் சொல்லலாம், அதற்கான செலவு நம்முடையது, மாதங்களும் நம்முடையதுதான்.

மணக்காட்டில் ஒரு தூதரகம்

வளைகுடா கதை இதற்கு நேர் எதிர். அங்கே விசா சீக்கிரம் வரும், காகிதம்தான் தாமதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். படிவத்தை அங்கே உள்ள டைப்பிங் சென்டரில் போட்டுத் தருவார்கள். வக்கீலுக்கு இதில் வேலையே இல்லை.

ஆனால் அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை. எனவே திருமணச் சான்றிதழுக்கு வரிசையாக நாலு முத்திரை: மாநில உள்துறை, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், அங்கே போன பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஸ்ரீவராகத்துக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அமீரகத் துணைத் தூதரகம் பக்கத்து மணக்காட்டிலேயே இருக்கிறது. (2020-இல் தங்கக் கடத்தல் வழக்கில் செய்தியானதே, அதேதான்.) தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் மையத்தில் கொடுத்தால் இந்த அலைச்சல் பெருமளவு குறையும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது வேறொரு இடத்தில். வீடு ஸ்ரீவராகத்தில், கல்யாணம் நாகர்கோவிலிலோ சுசீந்திரத்திலோ. சான்றிதழ் தமிழ்நாட்டுப் பதிவாளர் கொடுத்தது. அதில் கேரள உள்துறை முத்திரை வைக்காது. சான்றிதழைக் கொடுத்த மாநிலம்தான் வைக்க வேண்டும், அதாவது சென்னை. எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் நின்ற பிறகு இது தெரிந்தால், ஒரு மாதம் போயிற்று.

பதிவுக் கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளத்தின் 2008 பொது விதிகளின்படி, எந்த மதமானாலும் 45 நாளுக்குள் உள்ளாட்சிப் பதிவாளரிடம் பதிய வேண்டும். தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி 90 நாள், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. கேரளத்தில் கல்யாணம் நடந்து, பதியாமலே மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார் என்றால் ஒரு வழி இருக்கிறது: 2024 ஜனவரி 1-இல் தொடங்கிய கே-ஸ்மார்ட் தளத்தில் வீடியோ மூலமே பதியலாம்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழருக்கென்றே எழுதி வைத்த சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் மூணு எழுத்து அச்சாகி வரும். கல்யாணச் சான்றிதழில் புரோகிதர் எழுதிக் கொடுத்தபடி மூணாவதாக ஒரு வடிவம். கல்யாணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் கணவர் பெயர் சேர்ந்து நாலாவது.

நமக்கு நாலும் ஒரே ஆள். ஷெஃபீல்டில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரிய நியாயமில்லை. கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸ் வழியாக, இந்த ரெண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழ் வாங்கலாம், இ-டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். விசா விண்ணப்பம் போடும் முன்பே வாங்கிவிடுங்கள். தமிழ்ப் பெயர் எப்படி அமைகிறது என்று அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்துவிடுங்கள். இந்த அரைப் பக்கத்தை எழுத வக்கீலுக்கு அரை லட்சம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

நிஜமான கல்யாணம்தான் என்று நிரூபிப்பது

பார்த்துப் பேசி நிச்சயித்த கல்யாணம் என்பதே சந்தேகத்துக்கு உரியதில்லை. மேற்கத்திய நாட்டு அதிகாரிகளுக்கும் அது தெரியும். அவர்கள் கண்ணில் படுவது வேலைத்திட்டம்: மூணு வாரம் லீவு, முதல் வாரம் பெண் பார்த்தது, இரண்டாம் வாரம் தாலி, மூன்றாம் வாரம் விமானம். அதன் பிறகு இருவரும் சேர்ந்து இருந்ததற்கு ஆதாரமே இல்லை. நம் வீடுகளில் இது சாதாரணம் என்பதால் யாரும் விளக்கம் எழுதுவதில்லை. அங்கேதான் கேள்வி வருகிறது.

எனவே கதையை நேராக எழுதுங்கள். யார் மூலம் சம்பந்தம் வந்தது, எப்போது முதலில் பேசினீர்கள், ஏன் அவ்வளவு சீக்கிரம் கல்யாணம், லீவு எத்தனை நாள். பத்திரிகை, மண்டப ரசீது, ரெண்டு பக்கத்து உறவினரும் தெரியும் போட்டோக்கள் பத்துப் பதினைந்து போதும். ஆல்பம் முழுவதும் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிந்திய தொடர்புக்கு, மாதத்துக்கு ரெண்டு மூணு நாள் வீதம் அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய விவரம், டிக்கெட்டுகள். அந்தரங்க உரையாடல்களை அச்சடித்து அனுப்பும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை, தயவுசெய்து வேண்டாம்.

அப்போ வக்கீல் எப்போ வேணும்?

முன்பு ஒரு விசா மறுக்கப்பட்டிருந்தால். ரெண்டில் ஒருவருக்கு முந்தைய கல்யாணமோ விவாகரத்தோ இருந்தால், முந்தைய திருமணத்துக் குழந்தை கூட வருவதாக இருந்தால். போலீஸ் வழக்கு நிலுவையில் இருந்தால். குடும்பச் சண்டையில் போட்ட வழக்காக இருந்தாலும் சரி. அங்கே விசா முடிந்தும் தங்கிய வரலாறு இருந்தால். ஸ்பான்சரின் வருமானம் மாதச் சம்பளமாக இல்லாமல் சொந்தத் தொழிலிலிருந்து வந்தால். இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் வக்கீலுக்குச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை, அதுவும் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே. மறுப்பு வந்த பிறகு போனால் செலவும் கூடும், காலமும் கூடும். பிரிட்டன் துணைவர் விசா மறுக்கப்பட்டால் வெளிநாட்டிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாள்தான். அந்த 28 நாளில் மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல், மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டு எழுதும் பழைய இலவச வழியையே நீக்கிவிட்டது. இப்போது மறுப்பை எதிர்ப்பதென்றால் பெர்லின் நீதிமன்றம்தான்.

மேலே சொன்ன எதுவும் இல்லையா? முதல் கல்யாணம், மாதச் சம்பளம், சுத்தமான பயண வரலாறா? நீங்களே போடலாம். பயமாக இருந்தால், முழுப் பொறுப்பையும் கொடுக்காமல், முடித்த விண்ணப்பத்தை ஒருமுறை சரிபார்க்க மட்டும் ஒரு நிலைத்த கட்டணம் பேசிக்கொள்ளலாம். பல வக்கீல்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், கேட்கத்தான் வேண்டும்.

யார் வக்கீல், யார் ஏஜென்ட்

இங்கே பெரிய குழப்பம் இருக்கிறது. "100 சதவீதம் விசா உறுதி" என்று பேனர் வைத்திருப்பவர் இந்திய வக்கீலாக இருக்க முடியாது, அல்லது விதியை மீறுகிறார். நம் பார் கவுன்சில் விதிகளின்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. ஜெயித்தால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்த கட்டணமும் பேசக் கூடாது. சில அலுவலகங்கள் சுவரில் மாட்டியிருக்கும் அரசுப் பதிவு, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வேலைக்கு ஆள் எடுப்பதற்கானது. குடும்ப விசா ஆலோசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போகிற நாட்டுச் சட்டம் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டும். கனடாவுக்கு, அங்குள்ள வக்கீல் அல்லது குடியேற்ற ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர், கியூபெக் என்றால் நோட்டரியும். இவர்கள் மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் நிற்கலாம். பிரிட்டனில், சொலிசிட்டர், அல்லது குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவர்; 2025 வரை அது வேறு பெயரில் இருந்தது. பதிவு எண்ணைக் கேட்டு அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், ரெண்டு நிமிட வேலை. அந்த ஆணையத்தின் கை பிரிட்டனுக்குள்தான் நீளும். தம்பானூரில் அலுவலகம் வைத்திருப்பவர்மேல் அங்கே புகார் கொடுத்து பெரிதாக ஆகப்போவதில்லை.

இன்னொன்றும் முக்கியம். ஏஜென்ட் போட்ட போலி வங்கிக் கணக்குக்கும், மறைத்த பழைய மறுப்புக்கும் கையெழுத்து உங்களுடையது. பிரிட்டனில் ஏமாற்றியதாகத் தீர்மானித்தால் 10 வருடத் தடை வரலாம், கனடாவில் 5 வருடம், அமெரிக்காவில் விலக்கு கிடைக்காதவரை ஆயுளுக்கும். "எனக்குத் தெரியாது, அவர்தான் நிரப்பினார்" என்பது எங்கும் எடுபட்டதில்லை. எனவே விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், கடவுச்சொல் உங்கள் கையில், அனுப்பிய முழுக் கோப்பின் நகல் உங்களிடம். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கெடு தாண்டியும் பதில் இல்லை. என்ன செய்வது?

இதற்குத்தான் மக்கள் வக்கீலைத் தேடுகிறார்கள், இதற்குத்தான் முதலில் தேட வேண்டியதில்லை. ஸ்பான்சர் அங்கே வசிக்கிறார் அல்லவா? அவர் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் எம்.பி. அலுவலகம், அமெரிக்காவில் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம், கிடப்பில் உள்ள கோப்பைப் பற்றிக் கேட்டுச் சொல்வதை அன்றாட வேலையாகவே செய்கின்றன. காசு கிடையாது. வக்கீல் எழுதும் விசாரணைக் கடிதத்துக்கு வரும் அதே பதில் பெரும்பாலும் இதற்கும் வரும்.

அதுவும் பலிக்காமல் மாதக்கணக்கில் இழுத்தால் நீதிமன்ற வழி. பிரிட்டனில் வழக்குக்கு முந்தைய நோட்டீஸ், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபெடரல் நீதிமன்றத்தில் மாண்டமஸ், ஜெர்மனியில் மூணு மாதம் தாண்டினால் பெர்லினில் செயலின்மை வழக்கு. இங்கே வக்கீல் கட்டாயம் வேண்டும், அவர் செய்யும் வேலைக்கும் பலன் உண்டு. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: நீதிமன்றம் முடிவெடுக்கச் சொல்லும், விசா கொடுக்கச் சொல்லாது. கோப்பில் ஓட்டை இருந்தால், வழக்குப் போட்டு மறுப்பைச் சீக்கிரம் வாங்கியதாக ஆகிவிடும்.

நடுவில் ஒருமுறை சுற்றுலா விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்பார்கள். பிரிட்டனுக்கு முடியும், நிலுவையில் உள்ள விண்ணப்பத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே போய் அதைத் துணைவர் விசாவாக மாற்ற முடியாது. கனடாவில் ரெண்டு நோக்கமும் இருப்பதைச் சட்டமே ஏற்கிறது. அமெரிக்காவுக்கு ஐ-130 நிலுவையில் இருக்கும்போது பி-2 கிடைப்பது கடினம், ஒரு மறுப்பு உங்கள் பதிவில் ஏறும் ஆபத்தும் உண்டு.

வேலையை விடுவது பற்றிக் கடைசியாக. விசா கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். ஆனால் டெக்னோபார்க்கில் பல கம்பெனிகளில் நோட்டீஸ் காலம் 60 நாள், 90 நாள். பிரிட்டன் பாஸ்போர்ட்டில் நுழைவு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் அது செல்வதும் 90 நாள்தான். அமெரிக்கக் குடியேற்ற விசா பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து 6 மாதம். நோட்டீஸும் ஸ்டிக்கரும் ஒரே நாளில் முடிகிற மாதிரி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, உங்கள் பணி ஒப்பந்தத்தில் நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.